சென்னை – பெங்களூர்: ஐம்பது நிமிட விமானமா, நாலரை மணி நேர ரயிலா?

சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே நேர்கோட்டில் 290 கிலோமீட்டர்தான். ரயிலில் போனால் 362, கிருஷ்ணகிரி வழியாகக் காரில் போனால் ஏறக்குறைய 350. இணையத்தில் "எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை நிமிடம்" என்று தேடினால் வரும் பக்கங்களில் பெரும்பாலானவை இந்த 290ஐ எடுத்துக்கொண்டு 52 நிமிடம் என்று ஒரு விடையைத் துப்பிவிடும். உடனே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும், 52 நிமிடம் எங்கே, நாலரை மணி நேரம் எங்கே, டிக்கெட்டும் ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது, பேசாமல் பறந்துவிடலாமே என்று. எனக்குத் தெரிந்த பலர் இப்படித்தான் புக் செய்கிறார்கள், செய்துவிட்டு பெங்களூர் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியில் உள்ள ஹெப்பால் மேம்பாலத்தில் டாக்ஸிக்குள் உட்கார்ந்துகொண்டு போன் போட்டுப் புலம்புகிறார்கள்.

முதலில் அந்த 52 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அந்தப் பக்கங்கள் எந்த விமான நிறுவனத்தின் கால அட்டவணையையும் பார்ப்பதில்லை. ஒரு சராசரி வேகத்தை, மணிக்கு 800 கிலோமீட்டர் என்று, வைத்துக்கொண்டு தூரத்தை வகுக்கின்றன, அப்புறம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து அரை மணி நேரம் கூட்டிவிடுகின்றன. 290ஐ 800 ஆல் வகுத்தால் 22 நிமிடம், கூட 30, ஆக 52. அவ்வளவுதான் சூத்திரம். இதே சூத்திரத்தைச் சென்னை – டெல்லிக்குப் போட்டால் ஓரளவு பொருந்தும், ஏனென்றால் 1,760 கிலோமீட்டரில் பெரும்பகுதியை விமானம் உண்மையிலேயே அந்த வேகத்தில் கடக்கிறது. சென்னை – பெங்களூரில் அந்த வேகத்தை எட்டிப் பிடித்து நிலையாக ஓடுவதற்கு இடமே கிடையாது.

விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் என்று அளந்தால் தூரம் இன்னும் குறைவு, சுமார் 270 கிலோமீட்டர். காரணம், மீனம்பாக்கம் சென்னைக்குத் தென்மேற்கே தள்ளி இருக்கிறது. இறங்கும்போது விமானம் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் முன்னே நகர வேண்டும் என்பது விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் விதி. 25,000 அடிக்கு ஏறியிருந்தால், பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்தில் இருப்பதால், மீதி 22,000 அடியை இறங்க 120 கிலோமீட்டர் வேண்டும். ஏறுவதற்கும் ஏறக்குறைய அதே அளவு. மிச்சம் என்ன இருக்கிறது? தண்ணீர் பாட்டிலைக் கையில் வாங்கும்போதே "இருக்கையை நிமிர்த்துங்கள்" என்று அறிவிப்பு வந்துவிடும். அதனால்தான் இந்தத் தடத்தில் ஏடிஆர் வகைச் சின்ன விமானமும் ஓடுகிறது. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர்ச் சுற்றுதான், ஆனால் இவ்வளவு சின்ன தூரத்தில் பெரிய ஜெட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் வந்துவிடாது.

இதில் காற்றின் திசையும் விளையாடும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். இரண்டு ஊரிலும் முக்கிய ஓடுபாதைகள் கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காக இருக்கின்றன. ஆடி மாதம் மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது சென்னையில் மேற்குப் பார்த்து ஏறி, அப்படியே பெங்களூரில் மேற்குப் பார்த்து இறங்கிவிடலாம், நேர் வழி. ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் சென்னையில் கடலைப் பார்த்து ஏறி வளைத்துத் திரும்ப வேண்டும், பெங்களூரிலோ விமான நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து இறங்க வேண்டும். சில நிமிடங்கள்தான் கூடும், ஆனால் வானத்தில் இருப்பதே நாற்பது நிமிடம் என்னும்போது அது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். அட்டவணையில் ஒரு மணி நேரம், ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்டிருப்பதற்குக் காரணம் இது மட்டுமல்ல. நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் நகர்ந்ததிலிருந்து அந்த ஊரில் போய் நிற்கும்வரை உள்ள மொத்த நேரம் அது, ஓடுபாதைக்கு உருண்டு போவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம்.

சரி, வானத்தில் நாற்பது நிமிடம். தரையில்?

இங்கேதான் பெங்களூரின் கதையே இருக்கிறது. 2008 மே மாதம் வரை விமானங்கள் எச்ஏஎல் விமான நிலையத்தில்தான் இறங்கின. அது ஊருக்குள்ளேயே, தொம்மளூருக்கும் மாரத்தஹள்ளிக்கும் நடுவில். அங்கே இறங்கி இந்திரா நகருக்கு ஆட்டோவில் போய்விடலாம். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து காலை விமானத்தில் போய் மீட்டிங் முடித்துவிட்டு மாலையே திரும்புவது நியாயமான யோசனை. 2008 மே 24 அன்று தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்ததும், பழையது பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டதும், அந்தக் கணக்கு மொத்தமாக மாறிவிட்டது. ஊருக்கு நடுவில் இருக்கும் மெஜஸ்டிக்கிலிருந்து தேவனஹள்ளி 35 கிலோமீட்டர். ஒயிட்ஃபீல்டிலிருந்து 40 பக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து 55க்கு மேல், அதுவும் ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டு. மாலை ஆறு மணிக்கு அந்தக் கடைசித் தடத்தில் இரண்டு மணி நேரம் ஆனால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். விமான நிலையத்துக்கு மெட்ரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கே.ஆர்.புரம், ஹெப்பால் வழியாக, அது ஓடத் தொடங்கும்வரை டாக்ஸியோ வாயு வஜ்ரா பஸ்ஸோதான். வாயு வஜ்ரா நல்ல ஏற்பாடு, ஏசி, பெட்டி வைக்க இடம், முன்னூறு ரூபாய்ச் சுற்றில் முடிந்துவிடும், ஆனால் சிக்னலில் அதுவும் எல்லோரோடும் சேர்ந்துதான் நிற்க வேண்டும்.

சென்னைப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. 2016லிருந்து மீனம்பாக்கத்துக்குள்ளேயே மெட்ரோ போகிறது. சென்ட்ரலிலிருந்தும், கிண்டியிலிருந்தும் சிக்னல் கவலை இல்லாமல் வந்து சேரலாம். குரோம்பேட்டை, பல்லாவரம், நங்கநல்லூர்க்காரர்களுக்கு அதுவும் வேண்டாம். ஆகவே இந்தப் பயணத்தில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் அந்த முனைதான், இந்த முனை அல்ல.

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். மயிலாப்பூரில் வீடு, இந்திரா நகரில் வேலை, ஒரு செவ்வாய்க்கிழமை. விமானம் காலை எட்டு மணிக்கு என்றால் வீட்டை விட்டு ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். பெட்டியை உள்ளே போட வேண்டியிருந்தால் ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள், ஏறும் கதவு இருபத்தைந்து நிமிடம் முன்பு மூடும். ஒன்பது மணிக்குத் தரையிறங்கி, பஸ்ஸில் ஏறி, நடந்து, வெளியே வர ஒன்பதரை. அந்த நேரத்துக்கு ஹெப்பால் பக்கம் அலுவலகக் கூட்டம் உச்சத்தில் இருக்கும், ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொண்டால் பத்தே முக்கால். மொத்தம் ஐந்து மணி நேரம்.

அதே நாள் ரயிலில்: வந்தே பாரத் சென்ட்ரலில் காலை 5:50க்கு. வீட்டை விட்டு ஐந்துக்குக் கிளம்பினால் போதும், அந்த நேரத்துக்கு ரோடு காலி. பத்தேகால் வாக்கில் பெங்களூர் சிட்டி ஸ்டேஷன் (இப்போது கே.எஸ்.ஆர். என்கிறார்கள், ஆட்டோக்காரரிடம் சிட்டி ஸ்டேஷன் என்றாலும் மெஜஸ்டிக் என்றாலும் புரியும்). ஸ்டேஷனை ஒட்டியே ஊதா வழி மெட்ரோ, அதில் ஏறினால் இந்திரா நகர் இருபது நிமிடம். பதினொன்றுக்கு முன்னால் அங்கே நிற்கலாம். மொத்தம் ஐந்தே முக்கால்.

முக்கால் மணி நேர வித்தியாசம். 52 நிமிடத்துக்கும் நாலரை மணி நேரத்துக்கும் இருந்த பெரிய பள்ளம் வாசல் முதல் வாசல் வரை அளந்தால் முக்கால் மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது, அதுவும் எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடந்தால். செலவைப் பார்த்தால் ரயிலில் சேர் கார் ஆயிரம் ரூபாய்ச் சுற்று, சாப்பாட்டோடு, பிறகு மெட்ரோவுக்குச் சில்லறை. விமானத்தில் டிக்கெட் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை எங்கேயும் நிற்கலாம், இரண்டு பக்கமும் டாக்ஸி என்றால் இன்னொரு ஆயிரத்து முன்னூறு, ஆயிரத்தைந்நூறு. முக்கால் மணி நேரத்தை இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து வாங்கலாமா என்பதுதான் கேள்வி, கம்பெனி கொடுத்தால் வாங்கலாம், நீங்கள் கொடுப்பதென்றால் யோசிக்கலாம்.

நேரம் ஒரே அளவாக இருந்தாலும் அதன் தரம் ஒன்றல்ல என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. விமானப் பயணத்தின் ஐந்து மணி நேரம் துண்டு துண்டாக வெட்டப்பட்டது: டாக்ஸியில் அரை மணி, பாதுகாப்பு வரிசையில் கால் மணி, இரும்பு நாற்காலியில் முக்கால் மணி, பஸ்ஸில் நின்றுகொண்டு பத்து நிமிடம், பெல்ட்டைப் போடு, லேப்டாப்பை மூடு, பெட்டியை எடு, மறுபடி டாக்ஸி. இதில் எந்தத் துண்டிலும் ஒரு உருப்படியான வேலை செய்ய முடியாது, தூங்கவும் முடியாது. ரயிலில் காட்பாடியில் ஒரு நிறுத்தம், மற்றபடி நாலு மணி நேரம் தொடர்ச்சியாக உங்களுடையது. காலை டிபன் வந்துவிடும். ஜோலார்பேட்டை தாண்டினால் குப்பம் பக்கத்துப் பாறைக் குன்றுகள், அதைப் பார்க்கவே சிலர் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவார்கள்.

இந்த ஒப்பீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத்தான சென்னை – மைசூர் ரயிலைப் பிரதமர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தது 2022 நவம்பர் 11 அன்று, பெங்களூரில். அதே நாளில், அதே ஊரில், தேவனஹள்ளி கெம்பேகவுடா விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தையும் அவரே திறந்து வைத்தார். இரண்டு போட்டியாளர்களுக்கும் ஒரே நாளில் நல்ல நேரம் பார்த்துவிட்டார்கள். முனையம் அழகாக இருக்கிறது, மூங்கிலும் தொங்கும் செடிகளுமாக, சீக்கிரமே வந்துவிட்டால் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் அது தேவனஹள்ளியை மெஜஸ்டிக்குக்கு ஒரு அடிகூட நெருக்கமாகக் கொண்டுவரவில்லை.

வந்தே பாரத்தைப் பற்றியும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய ரயில் என்று விளம்பரம் செய்தாலும் இந்தத் தடத்தில் அதன் சராசரி 83தான் வருகிறது, 362ஐ நாலு மணி இருபது நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள். ஜோலார்பேட்டை வரை தடம் சமதளம், நேர்கோடு, ரயில் பிடித்துப் பறக்கும். அதன் பிறகு மேட்டில் ஏறிப் பெங்களூருக்குப் போகிற வழி வளைவுகள் உள்ளது, அது 1864இல் போட்ட பாதை, அதன் வளைவுகளை யாரும் இன்னும் நிமிர்த்திவிடவில்லை. சதாப்தியும் அதே தடத்தில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடுகிறது, வித்தியாசம் அரை மணிக்கும் குறைவு. வந்தே பாரத்தில் இடமில்லை என்றால் முகத்தைத் தொங்கப்போட வேண்டாம், சதாப்தி போதும். சதாப்திக் கட்டணம் 2016லிருந்து சீட் நிறைய நிறைய ஏறும் வகை, அதனால் தாமதமாகப் போட்டால் வந்தே பாரத்துக்கே சமமாக வந்து நிற்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் நேரம் இருக்கிறது, காசு இல்லை என்றால் பிருந்தாவன், லால்பாக் எக்ஸ்பிரஸ் ரயில்கள் இருக்கின்றன. பிருந்தாவன் 1964லிருந்து ஓடுகிறது, ஆறு மணி நேரம் ஆகும், இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு இருநூறு ரூபாய்கூட ஆகாது. இந்த இரண்டும் கே.ஆர்.புரத்தில் நிற்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒயிட்ஃபீல்டு, மகாதேவபுரா, மாரத்தஹள்ளி ஆட்கள் சிட்டி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை, கே.ஆர்.புரத்தில் இறங்கினால் ஸ்டேஷன் பக்கத்திலேயே மெட்ரோ, 2023 மார்ச்சிலிருந்து அதில் ஏறி நேராக ஒயிட்ஃபீல்டுக்கே போய்விடலாம். மெதுவாக ஓடும் ரயிலில் போய், வேகமாக ஓடும் ரயிலில் போனவரைவிட வீடு சேர்வதில் அதிகம் பின்தங்காமல் இருப்பது ஒயிட்ஃபீல்டுக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த சலுகை.

எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, எச்எஸ்ஆர், பி.டி.எம். பக்கம் போகிறவர்களுக்கு என் தீர்ப்பே வேறு. இவர்களுக்கு விமானம் சுத்தமாக வேண்டாம், ரயிலும் இரண்டாம்பட்சம்தான். ராத்திரி பஸ். கோயம்பேட்டுப் பக்கம் பத்து, பதினோரு மணிக்கு ஏறினால் வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக வரும் பஸ் பெங்களூருக்குள் நுழைவதே எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகத்தான், சில்க் போர்டும் மடிவாளாவும் அதற்கு அப்புறம். விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டு வாசல் பக்கத்தில் இறக்கிவிடுகிற ஒரே வாகனம் அதுதான். தூக்கம் என்று பார்த்தால் ஆறு மணி நேரம், படுக்கை வசதி உள்ள பஸ் என்றால் ஓரளவு தூங்கலாம், முதுகுவலிக்காரர்கள் கர்நாடக அரசின் ஐராவத் வால்வோவில் உட்கார்ந்தே போவது நல்லது என்பது என் கருத்து, படுக்கை பஸ்ஸின் மேல் தட்டில் வளைவுகளில் உருளுவதைவிட அது மேல். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை திறந்த பிறகு, ரயிலில் போய் மெஜஸ்டிக்கில் இறங்கி, பச்சை வழியில் ஏறி மாறிப் போவதும் இப்போது முடியும். ஆனால் பெட்டியோடு மாறி ஏறுகிற பொறுமை வேண்டும்.

ராத்திரி ரயில் என்றால் பெங்களூர் மெயில். பதினோரு மணி வாக்கில் கிளம்பி ஐந்து மணிக்கு முன்னாலேயே கொண்டுபோய் விட்டுவிடும். படுத்து, பக்கத்து ஆளின் போன் அடங்கி, டிக்கெட் பரிசோதகர் வந்து போய், கண் அசரும்போது கே.ஆர்.புரம் வந்துவிடுகிறது. தூரம் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்திருந்தால் அருமையான ரயிலாக இருந்திருக்கும்.

கார் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். நாலு பேர் இருந்தால் வந்தே பாரத்தைவிடக் கார் மலிவு, அதில் சந்தேகமே இல்லை: லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்தால் பெட்ரோல் இரண்டாயிரத்து முன்னூறு, நானூறு, நெமிலியில் ஆரம்பித்துச் சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, அத்திபெலே என்று வரிசையாகச் சுங்கச் சாவடிகள், எல்லாம் சேர்த்து நாலால் வகுத்தால் ஆளுக்கு வந்தே பாரத் கட்டணத்துக்குக் கீழே நிற்கும். நேரம் ஆறு மணி, ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தினால் ஏழு, நிறுத்தாமல் போகும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜா வரை ஆறு வழிச் சாலைப் பணி வருடக்கணக்கில் இழுத்ததில் அந்த நேரக் கணக்கை நம்ப முடியாமல் ஆகிவிட்டது. ஒயிட்ஃபீல்டு, ஹொசகோட்டே பக்கம் போகிறவர்கள் கிருஷ்ணகிரிக்குப் போகவே வேண்டாம், ராணிப்பேட்டையில் பிரிந்து சித்தூர், பலமனேர், முல்பாகல், கோலார் வழியாகப் போனால் தூரமும் குறைவு, ஊருக்குள் ஓசூர் ரோடு நெரிசலும் இல்லை.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஹொசகோட்டேக்கும் நடுவே சுமார் 260 கிலோமீட்டரில் விரைவுச் சாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்தது. கர்நாடகப் பகுதியில் ஏறக்குறைய 71 கிலோமீட்டர் 2024 கடைசியிலேயே வாகனங்களுக்கு விட்டுவிட்டார்கள். முழுச் சாலையும் திறந்தால் பயணம் மூன்று மணி நேரம் என்கிறார்கள். இதையும் அந்த 52 நிமிடம் மாதிரியே படிக்க வேண்டும்: அது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹொசகோட்டே வரை உள்ள நேரம். அடையாறிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போவதும், ஹொசகோட்டேயிலிருந்து ஜெயநகர் போவதும் உங்கள் பாடு. இருந்தாலும் பூந்தமல்லிக்காரருக்கு ஒயிட்ஃபீல்டில் மகள் இருந்தால், அந்தச் சாலை திறந்த நாளிலிருந்து அவர் விமானத்தையும் ரயிலையும் மறந்துவிடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு விமானம் யாருக்குத்தான் என்று கேட்பீர்கள். ஆள் இருக்கிறார்கள். எலஹங்கா, ஹெப்பால், தேவனஹள்ளி, ஆர்.டி. நகர் பக்கம் வீடோ வேலையோ இருப்பவர்களுக்கு விமானம் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், அதிலும் சென்னையில் தாம்பரம், குரோம்பேட்டை என்றால் இரண்டு முனையும் பக்கம், மூன்று மணி நேரத்தில் வீட்டுக்கு வீடு. ரயிலில் அவர்கள் சென்ட்ரலுக்கு வருவதும் மெஜஸ்டிக்கிலிருந்து எலஹங்கா போவதுமே இரண்டு மணி நேரம் தின்றுவிடும். அடுத்தது, பெங்களூரில் விமானம் மாறி வெளியூரோ வெளிநாடோ போகிறவர்கள். இவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டி நேராகப் போய்விடும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாக இருக்கிறதே என்று தனித்தனி டிக்கெட் போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, சென்னையில் ஒரு மணி நேரம் தாமதமானால் அமெரிக்க விமானம் உங்களுக்காக நிற்காது. தனி டிக்கெட்தான் என்றால் முந்தின நாளே ரயிலில் போய் அங்கே தங்கிவிடுவது மேல்.

மார்கழி, தையில் இன்னொரு சங்கதி. தேவனஹள்ளி மேட்டில் விடியற்காலைப் பனிமூட்டம் இறங்கும் காலம் அது. அந்த நாட்களில் காலை முதல் விமானங்கள் காத்திருப்பதும் சில சமயம் இறங்க முடியாமல் வேறு ஊருக்கு, பல நேரம் சென்னைக்கே, திருப்பி விடப்படுவதும் வழக்கம். பத்து மணி மீட்டிங்குக்கு ஜனவரியில் ஆறு மணி விமானத்தை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னைப் பக்கம் புயல் நாட்களில் இரண்டுமே நிற்கும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது விமான நிலையத்தையும் மூடினார்கள், சென்ட்ரல் ரயில்களையும் ரத்து செய்தார்கள், அதற்கு யாரிடமும் மாற்று இல்லை.

வயதானவர்களோடு போகிறவர்கள் விமானம்தான் சௌகரியம் என்று நினைக்கிறார்கள். சக்கர நாற்காலி கேட்டால் விமான நிறுவனம் வாசலிலிருந்து வாசல் வரை ஆள் போட்டுத் தள்ளிக்கொண்டு போகும், அது உண்மைதான், முட்டிவலி இருப்பவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் சென்னை சென்ட்ரல் தடங்கள் முடிகிற ஸ்டேஷன், படி ஏறாமலேயே எந்த நடைமேடைக்கும் போய்விடலாம், எழுந்து நடக்க முடிகிற பெரியவர்களுக்கு ரயில் பெட்டியில் கை காலை நீட்டி, நினைத்தபோது கழிப்பறைக்குப் போய்வருவது எளிது. மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியது நிறுத்தியதுதான், அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

ஓசூரில் விமான நிலையம் கட்டப்போவதாகத் தமிழக அரசு 2024 ஜூனில் அறிவித்தது. வந்தால் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு என் மேலே சொன்ன தீர்ப்பு தலைகீழாக மாறும். ஆனால் தேவனஹள்ளி நிலையத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 2033 வரை வேறு நிலையம் கூடாது என்ற ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைத் தாண்டித்தான் எதுவும் நடக்க வேண்டும். இந்தப் பக்கம் சென்னையின் இரண்டாவது நிலையம் பரந்தூருக்குப் போனால் விஷயம் இன்னும் வேடிக்கையாகிவிடும்: மயிலாப்பூரிலிருந்து பெங்களூர் இருக்கும் திசையிலேயே 65, 70 கிலோமீட்டர் ரோட்டில் போய், அங்கே விமானம் ஏறி, தேவனஹள்ளியில் இறங்கி, மறுபடி 35 கிலோமீட்டர் ரோட்டில் வர வேண்டும். அதாவது நூறு கிலோமீட்டருக்கு மேல் கார், இருநூற்றுச் சொச்சம் விமானம்.

டிக்கெட் விஷயத்தில் வெள்ளி மாலை, ஞாயிறு மாலை, பொங்கல், தீபாவளி என்றால் எல்லாக் கணக்கும் குலையும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது, அதனால் பழைய நினைப்பில் நாலு மாதத்துக்கு முன்பே தேடி எதுவும் காட்டவில்லையே என்று பதற வேண்டாம். ஏசி சேர் காருக்குத் தட்கல் முந்தின நாள் காலை பத்து மணிக்கு. அதுவும் போய்விட்டால் வெள்ளிக்கிழமை மாலை விமானக் கட்டணம் ஏழாயிரம், எட்டாயிரம் என்று காட்டும்போது கோபப்பட்டு அதை வாங்காதீர்கள், சனிக்கிழமை காலை வந்தே பாரத்தையோ பிருந்தாவனையோ பாருங்கள், வெள்ளி ராத்திரி எல்லோரும் கிளம்பிவிட்டதால் அதில் இடம் கிடைக்க வாய்ப்பு கூடுதல். வந்தே பாரத்துக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு, அந்த நாள் எது என்பதை மட்டும் புக் செய்வதற்கு முன் ரயில்வே செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.